வயதான நாயின் மூட்டுவலி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

செல்லப்பிராணிக் கடைகளில் ‘ஜாயின்ட்’ என்று அச்சிட்ட டப்பாக்களுக்கென்றே ஓர் அடுக்கு இருக்கும். மெல்லும் மாத்திரை, பொடி, சிரப் என்று பல வடிவம். பத்து வயது லேப்ரடார் காலையில் எழுந்திருக்கத் திணறுகிறது என்று சொன்னதும் கடைக்காரரின் கை நேராக அங்கேதான் போகும். பெரும்பாலான டப்பாக்களின் சாரம் ஒன்றே: குளுக்கோசமைன், காண்ட்ராய்டின். இந்த மதிப்புரையில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குவது அந்த அடுக்குதான். ஆகவே அதை முதலில் முடித்துவிடலாம்.

நாய், பூனைகளின் மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுக்கப்படும் துணை உணவுகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் வெளியான தொகுப்பாய்வில் ஒமேகா-3 தேறியது; குளுக்கோசமைன்-காண்ட்ராய்டின் கூட்டு தேறவில்லை. இருந்தும் ‘எங்கள் நாய்க்குக் கேட்டது’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூட்டுத் தேய்மான வலி ஏறும், இறங்கும். நாய் மிக மோசமாக நொண்டுகிற வாரத்தில்தான் நாம் டப்பா வாங்குகிறோம். அடுத்த வாரம் வலி தானாகவே சற்று இறங்கும். பெயர் டப்பாவுக்குப் போகும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், பெரிய கெடுதல் இல்லை. புதிதாக வாங்குவதானால் அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

மீன் எண்ணெய் கொஞ்சம் மரியாதைக்கு உரியது. ஆனால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்குச் சொல்லப்படும் உச்ச அளவு, வளர்சிதை எடையின் ஒவ்வொரு அலகுக்கும் 310 மி.கி. ஈபிஏ, டிஹெச்ஏ சேர்ந்து. (ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகள்; வளர்சிதை எடை என்பது உடல் எடையிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்.) கைபேசிக் கால்குலேட்டர் போதும்: எடையை மூன்று முறை தன்னோடு பெருக்குங்கள் (30 × 30 × 30), பிறகு வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்துங்கள். 30 கிலோ நாய்க்கு 12.8 வரும். அதை 310-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4,000 மி.கி.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண ‘1000 மி.கி. மீன் எண்ணெய்’ மாத்திரையில் பொதுவாக ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் இருக்கும். மீதி வெறும் எண்ணெய். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 13 மாத்திரை. கூடவே 100 கலோரிக்கு மேல் கொழுப்பும் போகும். ஆகவே முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஈபிஏ, டிஹெச்ஏ கூட்டுத்தொகை 600 மி.கி.க்கு மேல் இருக்கும் செறிவூட்டிய ரகத்தைத் தேடுங்கள். கால் பங்கில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். ஒரு மாத்திரையைக் குத்தி முகர்ந்து பாருங்கள்: காறல் வாசனை அடித்தால் மொத்த டப்பாவையும் தூக்கிப் போடுங்கள். காட் மீனின் ஈரல் எண்ணெயை இதற்கு மாற்றாக வாங்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் இருப்பதால் இந்த அளவுக்கு ஏற்றினால் நஞ்சாகிவிடும்.

ஆட்டுக்கால் சூப்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அந்த யோசனை வரும். நமக்கு வைக்கும் சூப்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் உப்பும் இருக்கும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வெறும் கால்களைத் தண்ணீரில் வேகவைத்து, ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டு ஊற்றினால் சோற்றுக்கு நல்ல ருசி. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வலித் தைலம், வலி ஜெல் எதையும் நாயின் மூட்டில் தடவாதீர்கள். தடவிய ஐந்தாவது நிமிடம் நாய் அதை நக்கித் தின்னும். அதிலுள்ள மீத்தைல் சாலிசிலேட்டும் கற்பூரமும் வயிற்றுக்குள் போகும்.

அடுத்து மருந்து. அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம் தீர வேண்டும்: இது மூட்டுத் தேய்மானம்தானா? நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் நாயை நொண்ட வைக்கும். ஒரே நேரத்தில் பல மூட்டுகள் வீங்குவது, நொண்டும் கால் மாறிக்கொண்டே இருப்பது, உடல் வெப்பம் 102.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது, ஈறு வெளிறுவது, மூக்கில் இரத்தம் வருவது, இதில் எது தெரிந்தாலும் முதலில் இரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அதன்மேல் வலி மருந்து கொடுப்பது இரத்தக் கசிவை விலைக்கு வாங்குவது. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் என்று இதற்குப் போக இடங்கள் உண்டு. எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: படத்தில் தெரியும் எலும்பு முளைக்கும் நாய் படும் வலிக்கும் நேர்க் கணக்கு கிடையாது. நாய் எப்படி எழுகிறது, எப்படிப் படி ஏறுகிறது என்பதற்கே மதிப்பு அதிகம்.

மெலாக்சிகாம் திரவம்

இந்தப் பட்டியலில் விலைக்கு மிக அதிகப் பலன் தரும் வலி மருந்து இதுதான். மிக எளிதாகத் தப்பாகப் போவதும் இதுதான். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., மறுநாளிலிருந்து 0.1 மி.கி., ஒரு நாளைக்கு ஒரே வேளை, சாப்பாட்டோடு. நாய்களுக்கான திரவம் இரண்டு அடர்த்திகளில் உண்டு: மி.லி.க்கு 1.5 மி.கி., மி.லி.க்கு 0.5 மி.கி. முதல் வகையில் 30 கிலோ நாய்க்கு அன்றாட அளவு 2 மி.லி.; இரண்டாவது வகையில் அதே நாய்க்கு 6 மி.லி. ‘தினமும் இத்தனை மில்லி’ என்று மட்டும் மனத்தில் வைத்திருக்கும் வீட்டில் பாட்டில் மாறினால் அளவு மூன்று மடங்கு ஏறிவிடும், அல்லது மூன்றில் ஒன்றாகிவிடும். பாட்டிலிலேயே மார்க்கர் பேனாவால் மி.கி. கணக்கை எழுதி வையுங்கள். உடன்வரும் சிரிஞ்சில் கிலோ கோடுகள் இருந்தால், அந்தச் சிரிஞ்சு அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் படிந்துவிட்டால் முதல் மாதம் பலனில்லாமல் போகும், கடைசி வாரம் அளவு மிஞ்சும்.

மனிதர்களுக்கான மெலாக்சிகாம் மாத்திரை 7.5, 15 மி.கி. அளவுகளில் வருகிறது. 8 கிலோ பொமரேனியனுக்குத் தேவை 0.8 மி.கி. ஒரு 7.5 மாத்திரையே அதற்கு ஒன்பது நாள் அளவு. பிட்டுக் கொடுப்பது இங்கே வேலைக்கு ஆகாது. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மற்றவை இன்னும் மோசம்: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. வயிற்றுப் புண், சிறுநீரகச் செயலிழப்பு, ஈரல் சேதம் என்று போய் முடியும். (டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2006-ல் தடை வந்தது பாறுக் கழுகுகளுக்காக. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. கழுகுக்குக் கெடுதல் செய்யாத மாற்றாக அப்போது முன்னுக்கு வந்ததும் இதே மெலாக்சிகாம்தான்.)

தொடங்கும் முன் கிரியேட்டினின், யூரியா, ஈரல் நொதிகள் பார்க்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பலன் மூன்று நான்கு நாளில் தெரியும். பத்து நாளாகியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அளவைக் கூட்டக் கூடாது. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். நன்றாகக் கேட்டால், சில வாரம் கழித்து அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, வலி திரும்பாத மிகக் குறைந்த அளவிலேயே தொடர்வது நல்லது. வாந்தி, பேதி, தார் போன்ற கறுப்பு மலம், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுவது, வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கத்திரி வெயிலில் நாய் சரியாகத் தண்ணீர் குடிக்காத நாளிலும் அப்படியே: உடலில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மருந்து சிறுநீரகத்தைத்தான் முதலில் தாக்கும்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டோடு இதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தோல் அரிப்புக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு இன்னொரு டாக்டர் என்று போகும் வீடுகளில்தான் இந்த விபத்து நடக்கிறது. இதய நோய்க்கு எனலாப்ரிலோ ஃபுரோசமைடோ ஓடிக்கொண்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வலி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடையில் ஐந்து முதல் ஏழு நாள் காலி விட வேண்டும்.

கார்ப்ரோஃபென் இதே குடும்பம். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 4.4 மி.கி., ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ. பலனில் மெலாக்சிகாமுக்குச் சளைத்ததல்ல. இறைச்சி மணமுள்ள மெல்லும் வகை வாங்கினால் டப்பாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்; மருந்து என்று தெரியாமல் முழு டப்பாவையும் காலி செய்துவிடும். முதல் சில வாரங்களில் பசி குறைந்தாலோ கண் மஞ்சளித்தாலோ ஈரலைச் சந்தேகியுங்கள்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் கேபாபென்டின், தனியாகக் கொடுத்தால் மூட்டுக்குச் சுமார்தான். மெலாக்சிகாம் கொடுத்தும் வலி அடங்காத நாய்க்குத் துணையாகப் பயன்படும். கிலோவுக்கு 10 மி.கி. அளவில் எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதுவார்கள். முதல் நாட்களில் நாய் தூங்கி வழியும், பின்னங்கால் தள்ளாடும். சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறைய வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: நம் மருந்துக்கடைகளில் கேபாபென்டின் பெரும்பாலும் மெத்தில்கோபாலமினோடோ நார்ட்ரிப்டிலினோடோ சேர்ந்துதான் கிடைக்கிறது. ‘இதுவும் அதேதான் சார்’ என்று கடைக்காரர் நீட்டுவார். நார்ட்ரிப்டிலின் சேர்ந்ததை வாங்காதீர்கள். அட்டையின் பின்பக்கத்தில் ஒரே பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் திரவ வடிவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக்கூடும். அது நாய்க்கு நஞ்சு. டிராமடால் என்ற வலி மருந்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மனித உடல் அதை வலி அடக்கும் பொருளாக மாற்றுகிற அளவுக்கு நாயின் உடல் மாற்றுவதில்லை.

மாதம் ஒரு ஊசியாகப் போடும் பெடின்வெட்மாப் (லிப்ரெலா) 2020-ல் ஐரோப்பாவிலும் 2023-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வலியைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிக் காரணியை மறிக்கும் எதிர்ப்புப் புரதம் இது. சிறுநீரகம் பலவீனமான கிழட்டு நாய்க்கு இதன் கவர்ச்சி புரிகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் தள்ளாட்டம், வலிப்பு உள்ளிட்ட பக்கவிளைவுப் புகார்கள் குறித்து கால்நடை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. ஏற்கெனவே பின்னங்கால் இழுக்கும் நாய்க்கு, அது மூட்டா தண்டுவடமா என்று தெளிவாகும் வரை இந்த ஊசி வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். வாங்கினால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வந்ததா என்று கேளுங்கள்.

சமையலறைத் தராசு

கிராம் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசுக்கு இந்தப் பக்கத்தில் முழு மதிப்பெண். குண்டான நாய் தன் எடையில் ஆறு சதவீதத்தைக் குறைத்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைகிறது; 34 கிலோ லேப்ரடாருக்கு அது வெறும் 2 கிலோ. 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து 2002-ல் வெளிவந்த ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் சராசரியாக 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டு, மூட்டுக்கு மருத்துவம் தேவைப்பட்ட வயதும் மூன்று ஆண்டு தள்ளிப்போனது. எந்த டப்பாவும் இதன் கிட்டே வராது.

கணக்கு மீன் எண்ணெய்க்குச் செய்த அதே கணக்குத்தான். இருக்கும் எடையை அல்ல, இருக்க வேண்டிய எடையை எடுத்து (25 × 25 × 25), வர்க்கமூலத்தை இரண்டு முறை அழுத்தி, வருவதை 70-ஆல் பெருக்குங்கள். 25 கிலோ ஆக வேண்டிய நாய்க்கு 783 கலோரி வரும். ஒரு நாளின் மொத்தச் சாப்பாடு அவ்வளவே. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. ஆளுக்கு இரண்டு என்று மூன்று பேர் போட்டால் நாளின் ஒதுக்கீட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு முடிந்தது. பெட் உணவோடு வரும் கிண்ணத்தால் அளக்காதீர்கள்; குவித்து அள்ளும் கைக்கும் தட்டி அள்ளும் கைக்கும் வித்தியாசம் நிறைய. வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு சதவீத எடை இறங்கினால் சரியான வேகம். பிச்சை கேட்கும் கண்ணுக்கு வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். தயிர்சோற்றை அறவே நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் சோற்றையும் தராசில் வையுங்கள்.

பாய்

விட்ரிஃபைட் டைல்ஸும் பளபள கிரானைட்டும் கிழட்டு நாய்க்குப் பனிக்கட்டி மாதிரி. வழுக்கும்போதெல்லாம் பின்னங்கால் வெளிப்பக்கம் விரிந்து இடுப்பு மூட்டு இழுபடும். கொஞ்ச நாளில் நாய் எழுவதையே தள்ளிப்போடும், தசை கரையும், மூட்டுக்குச் சுமை இன்னும் கூடும். வீடு முழுக்கப் போட வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், இந்தத் தடம் மட்டும் இடைவெளி விடாமல் இரண்டடி அகலத்தில் போதும். கிண்ணத்துக்கு முன்னால் நான்கு காலும் நிற்கும் அளவு ஒரு துண்டு கட்டாயம் வேண்டும்.

மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கோடு போட்ட ரப்பர் விரிப்புக்கு முதலிடம். கனமாக இருப்பதால் நகராது, கழுவலாம். யோகா மேட் பிடிப்பு நன்றாக இருக்கும், நகம் பட்டுப் பொத்தல் விழும். ஆனால் மலிவு, மாற்றிக்கொள்ளலாம். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நுரைக் கட்டங்கள் மூட்டுக்கு இதமானவை. கடித்து விழுங்கும் நாய் என்றால் வேண்டவே வேண்டாம், குடல் அடைத்துக்கொள்ளும். கயிற்று மிதியடியும் அடியில் ரப்பர் இல்லாத துணி விரிப்பும் டைல்ஸ் மீது நாயோடு சேர்ந்து ஓடும், வெறுந்தரையைவிட ஆபத்து. கடையிலேயே சோதிக்கலாம்: விரித்துப் போட்டுக் காலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வீட்டில் தரை துடைத்ததும் உடனே விரிக்காதீர்கள். அடியில் ஈரம் நின்றால் பிடிப்பும் போகும், பூஞ்சையும் பிடிக்கும்.

இரப்பர் அடி வைத்த சாக்ஸ் திருகிக்கொள்ளும், நம் வெயிலில் பாதம் அவிந்து புண்ணாகும். எங்காவது போகும்போது அரை மணி நேரத்துக்குச் சரி. பாதத் திண்டுகளுக்கு இடையில் வளர்ந்த முடியைக் கத்தரித்து, நகத்தைத் தரையில் டக்டக்கென்று தட்டாத அளவுக்கு வெட்டினால் சாக்ஸ் செய்யும் வேலையில் பாதி செலவில்லாமல் முடிந்துவிடும்.

படுக்கையில் ‘ஆர்த்தோபீடிக்’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கையை மடக்கி ஓங்கி அழுத்துங்கள்; விரல்முட்டி தரையைத் தொட்டால் 30 கிலோ நாயின் முழங்கையும் தொடும். மெத்தைக் கடையில் 40 டென்சிட்டி நுரையை நான்கு அங்குல கனத்தில் நாயின் நீளத்துக்கு வெட்டி வாங்கி, ரெக்சின் உறையும் அதன்மேல் பருத்தி உறையும் தைத்துக்கொள்வது பெரும்பாலான ‘பெட் பெட்’களைவிட நன்றாக உழைக்கும். மெமரி ஃபோம் நம் கோடையில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாய் இறங்கிப் போய்த் தரையில் படுத்துவிடும். அப்படிப் படுப்பது பிடிவாதம் அல்ல, வெக்கை. படுக்கையை மின்விசிறிக்கு அடியில் போட்டுப் பாருங்கள்.

மடக்குச் சரிவுப் பலகையை வாங்கும் முன் கார் டிக்கியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 70 செ.மீ. உயரத்துக்கு 150 செ.மீ. பலகை போட்டால் சரிவு 28 டிகிரி. இடுப்பு வலிக்கும் நாய் பாதியில் நின்றுவிடும். 20 டிகிரிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றே கூடுதலாக வேண்டும். இவ்வளவு நீளப் பலகையை யார் தூக்குவது என்ற கேள்வியும் உண்டு. 15 கிலோவுக்குக் கீழ் என்றால் நாயைத் தூக்குவதே சுலபம்.

பின்புறம் தூக்கும் கச்சை, மாடிப்படி உள்ள வீட்டுக்கு உதவும். ஆண் நாய்க்கு வயிற்றுப் பட்டை சிறுநீர்த் துவாரத்தை அழுத்தாத வெட்டு இருக்கிறதா பாருங்கள். போட்டுக் கால்மணி நேரம் நடக்கவிட்டு, தொடை இடுக்கில் சிவந்திருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். பழைய குளியல் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாலும் பத்துப் படிக்குப் போதும்.

நீருக்கடி நடைப்பயிற்சி மையம் பக்கத்தில் இருந்தால், கட்டும் கட்டணத்துக்கு உண்மையிலேயே ஏதோ கிடைக்கும் சேவை அது. இடுப்பு மூட்டு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான். முழங்கால் உயரத்தில் நிறுத்தினால் 85 சதவீதம். ஆகவே எந்த உயரம், ஏன் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் நாயை விடாதீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், முதல் சில முறை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, தொட்டிக்குள் ஓர் ஆள் கூடவே இறங்க வேண்டும். கடற்கரை அலை இதற்கு ஈடாகாது. மணலில் கால் புதைந்து திருகும்.

எதை வாங்கினாலும், வாங்கும் முன் ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் முறை எழும்போது, அதே இடம், அதே கோணம். எழுந்து நான்கு காலில் நிற்க எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். பிறகு பத்து மீட்டர் நடை, பக்கவாட்டிலிருந்து. வாரம் ஒரு முறை போதும். ஒரே வாரத்தில் பாயும் மருந்தும் மீன் எண்ணெயும் சேர்த்துத் தொடங்கிவிட்டால் எது கேட்டது என்று கடைசிவரை தெரியாது, எதை நிறுத்துவது என்றும் தெரியாது. நடையை ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாக இரண்டு மூன்று முறை என்று பிரித்து, வாரம் முழுக்க மாறாமல் வைத்திருங்கள். ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஓடவிட்டுவிட்டு, திங்கள் காலைக் காணொளியைப் பார்த்து மருந்தைக் குறை சொல்வதற்கில்லை.